குப்புறப் போட்ட காசு

எது நிஜம், எது போலி என்பதை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். அந்த இன்னொன்றை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? கேள்வி பெரியதுதான். ஆனால் அது பெரிய மனிதர்களைத் தேடிப் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டர் தூளும் மெழுகு வாடையுமாக இருந்த ஒரு சின்ன அறையில், செயற்கைப் பற்கள் செய்துகொண்டிருந்த ஒருவரைத் தேடி வந்தது. வந்து, அவர் முகத்தில் கரியைப் பூசிவிட்டுத்தான் போனது.

எல்லாரும் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் பளபளவென்று ஒரு சிரிப்பைத் திருப்பி அனுப்புவார். மேசையில் எந்நேரமும் யாருடைய வாயாவது திறந்தபடி கிடக்கும். "இந்த வீட்டுல பேசாத வாய்தான் ஜாஸ்தி" என்பார் அவர் மனைவி. நல்ல வேலைக்காரர் என்று அவரைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பல் கடிக்கும், கழன்று விழாது, அவ்வளவுதான்.

ஆனால் வேலையைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. நாள் முழுவதும் போலியை நிஜம் மாதிரி காட்டுவதுதானே பிழைப்பு? அதனாலோ என்னவோ, பிழைப்புக்கு வெளியே அவர் தேடிப் போனது நிஜத்தை மட்டும்தான். அது அவருக்கு வெள்ளிக் காசாகக் கிடைத்தது.

அவர் சேர்த்தது வர்த்தக டாலர்கள். ஒரு காலத்தில் கடல் வியாபாரத்துக்கென்றே அடித்த பெரிய வெள்ளிக் காசுகள். அடித்தவர்களின் சொந்தக் கடைத்தெருவுக்காக அடித்தவை அல்ல. தூரத்துத் துறைமுகங்களில் பட்டும் தேயிலையும் வாங்குவதற்காக அடித்தவை. உள்ளங்கையை நிறைக்கும். அவருக்குப் பிடித்த வகையில் ராஜா தலை கிடையாது. சூலாயுதமும் கேடயமும் பிடித்து ஒரு பெண் நிற்பாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு பாய்மரக் கப்பல். அந்தத் துறைமுகங்களின் வியாபாரிகள் யாரையும் லேசில் நம்புகிறவர்கள் இல்லை. கைக்கு வந்த காசைத் தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, நல்ல வெள்ளிதான் என்று தெரிந்தபிறகு அதன் மேல் தங்கள் சின்ன முத்திரை ஒன்றைக் குத்தி வைப்பார்கள். ஒரு பூ, ஓர் எழுத்து, ஒரு நட்சத்திரம். காசு கைமாறக் கைமாற முத்திரைகள் கூடும். சேகரிப்பவர்களில் பாதிப்பேர் அதைக் காயம் என்று ஒதுக்குவார்கள். பல்செட்காரர் ஒதுக்கமாட்டார். "காயம் இல்லைங்க, கையெழுத்து. 'நான் பார்த்தேன், நான் பொறுப்பு'ன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான்" என்பார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அந்த ஓர் இடத்தில் அவரைப் பாராட்டலாம்.

காசுப் பிரியர்கள் கூடுவது ஒரு சலூனில். சலூன்காரரும் காசு சேர்ப்பவர். வார விடுமுறையன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடையை இவர்களுக்குத் திறந்துவிடுவார். சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேல் நல்ல விளக்கு, சுழலும் நாற்காலிகள். காசு பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. நடு நாற்காலி பல்செட்காரருக்கு. அவருக்கு அங்கே பெயர் ஜட்ஜ்.

யாருடைய காசிலாவது சந்தேகம் வந்தால் ஜட்ஜ் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெல்வெட் துணியை எடுத்துப் பிரிப்பார். உள்ளே அவருடைய முதல் டாலர் இருக்கும். இளம் வயதில், முதல் சம்பாத்தியத்தில், ஒரு தரகரிடம் வாங்கியது. அதற்குச் சாட்சிக்காசு என்று பெயர் வைத்திருந்தார். வெள்ளைத் துண்டின் மேல் சாட்சிக்காசை வைத்து, பக்கத்தில் வந்த காசை வைத்து, லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு இரண்டையும் பார்ப்பார். பிறகு விரல் நுனியில் நிறுத்திச் சுண்டிக் கேட்பார். நிஜம் என்றால் காசைத் தூக்கி உரியவர் கையில் கொடுப்பார். போலி என்றால் வாயே திறக்கமாட்டார். காசைக் குப்புறப் போட்டு, ஒற்றை விரலால் மெல்ல நகர்த்திவிடுவார். அதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

சாட்சிக்காசுக்கு ஓர் அடையாளம் உண்டு. கப்பலுக்குப் பக்கத்தில், கமா மாதிரி வளைந்த ஒரு குட்டிப் புடைப்பு. அதை அவர் மச்சம் என்பார். "அச்சுல விழுந்த கீறலுங்க. அதைக் கவனிச்சு உடனே அச்சை மாத்தியிருப்பான். இந்த மச்சம் வச்ச காசு உலகத்துலயே கைவிரல்ல எண்ணுற அளவுக்குத்தான் இருக்கும்." இதை எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. முதலில் "இருக்கலாம்" என்று சொன்னார். பிறகு "இருக்கும்" என்றார். கொஞ்ச காலத்தில் மற்றவர்களே அவருக்குத் திருப்பிச் சொன்னார்கள். தான் கட்டிய கதைக்கு அப்புறம் சாட்சியும் கிடைத்துவிட்டது.

சாட்சிக்காசை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. சோதிக்க வேண்டுமென்று தோன்றவேயில்லை. எதை வைத்துச் சோதிப்பார்?

மனைவியின் அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஒருநாள் அந்தச் சலூனுக்கு வந்தார். உயரத்திலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல்; அறைக்குள் பேசினாலும் கீழே யாருக்கோ சொல்வது போல இருக்கும். கையில் ஒரு பழைய புகையிலை டப்பா. அவர்களுடைய அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அந்த அப்பா கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். வெளியூர்த் துறைமுகம் ஒன்றில் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் விழுந்த ஒரு வியாபாரியின் குழந்தையை அவர் குதித்துத் தூக்கி வந்தாராம். அந்த வியாபாரி தன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி டாலரை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அதில் தன் முத்திரையைக் குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தாராம். இலை மாதிரி ஒரு முத்திரை. கதை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. முதலில் சுறா கிடையாது. பிறகு ஒரு சுறா வந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் அது குடும்பத்தோடு வந்தது. கடைசியில் கேப்டனே எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பிள்ளைகள் சிரிப்பார்கள். கிழவர் சளைக்காமல் டப்பாவைத் திறந்து, காசை எடுத்து, இலைமேல் விரலை வைப்பார். "இது பொய் சொல்லுமா?" அதற்கு மேல் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மச்சான் அன்று காசைத் தீர்ப்புக்குக் கொண்டுவரவில்லை. காட்டி மகிழத்தான் கொண்டுவந்தார். வந்தவர் சும்மா இருக்கவும் இல்லை. நடு நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அடடா, இங்க மாப்ளேதான் ஜட்ஜா? பாக்குற வேலை பொய்ப் பல்லு. இவருதான் நிஜக் காசு எதுன்னு சொல்றவரு. நல்லா இருக்கு நாட்டு நடப்பு!" என்றார்.

சலூனே குலுங்கியது. சலூன்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஜட்ஜிடம் தன் காசுக்கு 'நிஜம்' வாங்கியிருந்த ஜவுளிக்கடை முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்செட்காரரும் சிரித்தார். எல்லாக் கண்ணாடியிலும் தன் சிரிப்பு தெரிவதை அவர் பார்த்தார். எதிலும் அது நன்றாக இல்லை.

"கொடுங்க மச்சான், பாத்துரலாம்" என்று வெல்வெட் துணியை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் எடுத்தார்.

சாட்சிக்காசு கணீரென்று நெடுநேரம் ஒலித்தது. மாமனார் காசு கொஞ்சம் கம்மலாக ஒலித்து அடங்கியது. சாட்சிக்காசைவிட அது மெல்லியதாக இருந்தது. கப்பலின் பாய் சாட்சிக்காசில் சற்று அகலம், இதில் ஒடுக்கம். மேற்பரப்பில் அங்கங்கே சின்னக் குழிகள். வார்ப்பில் காற்றுக்குமிழ் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை நாள் முழுவதும் பார்க்கிறவர் அவர். குழி என்று கண்டாலே அவருக்கு அது வார்ப்புதான், அச்சில் அடித்த காசு இல்லை. முத்திரைகளையும் போலி செய்கிறவன் குத்தியிருக்கலாம். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வரட்டும் என்று ஒரு மனசும் உள்ளே காத்திருந்தது.

காசைக் குப்புறப் போட்டு ஒரு விரலால் நகர்த்தினார்.

"என்ன மாப்ளே, தூங்கப் போட்டுட்டீங்க?" என்று மச்சான் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது... ஜட்ஜ் அப்படிப் போட்டார்னா..." என்று இழுத்தார்.

மச்சானுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "அட, அப்படியா!" என்று முன்னைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, காசை டப்பாவில் போட்டு மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்தினார். பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார். திரும்ப அந்தப் பக்கம் வரவில்லை.

அன்று வீட்டில் மனைவி கேட்டார். "அண்ணன் வந்தானாமே. அப்பா காசைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அது சரியில்லை."

"எது? காசா, அப்பாவா?"

அவர் கைகழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு உறவு முறியவெல்லாம் இல்லை. மச்சான் வருவார், போவார், சாப்பிடுவார். ஆனால் அப்பாவின் கதையைச் சொல்லும் விதம் மாறிவிட்டது. இப்போது அவரே சுறாக்களைக் கூட்டினார். "எங்கப்பா விட்ட கப்பல் ஒண்ணா ரெண்டா! கடல்ல இடம் பத்தல" என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் தங்கை எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். எடுக்கத் தட்டு இல்லாத நாளிலும் எழுந்து போவார்.

பல்செட்காரர் இதைக் கவனித்தாரா? கவனித்தார். ஆனால் உண்மையைத்தானே சொன்னோம் என்று இருந்தார். உண்மையைச் சொல்பவனுக்கு அப்படி ஒரு வசதி உண்டு; அது யாரைக் குத்துகிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

மனைவி தையல்காரர். பள்ளி நாடகங்களுக்கும் நடனக் குழுக்களுக்கும் உடை தைப்பவர். வருஷங்கள் கழித்து ஒருநாள் பொத்தான், ஜிகினா, சரிகை எல்லாம் மொத்தமாக விற்கும் கடைக்கு இருவரும் போனார்கள். கடற்கொள்ளைக்காரர் நாடகமாம், இடுப்புப் பட்டையில் தொங்கவிடக் காசு வேண்டும். கடைப்பெண் ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்து வந்து முன்னால் வைத்தாள். வாளி நிறைய வெள்ளிப் பூச்சுப் பூசிய பெரிய காசுகள். சூலாயுதம் பிடித்த பெண், பின்னால் கப்பல்.

"உங்க டாலர் மாதிரியே இருக்கு பாருங்க" என்று மனைவி வேடிக்கையாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

அவரும் வேடிக்கையாகத்தான் வாங்கினார். கப்பலுக்குப் பக்கத்தில் கமா மாதிரி ஒரு புடைப்பு. கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஆனால் அதே இடம், அதே வளைவு. இன்னொன்றை எடுத்தார். ஆண்டு வேறு, மச்சம் அதே. வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். எல்லாவற்றுக்கும் மச்சம்.

"என்னங்க, வேர்க்குது உங்களுக்கு? ஃபேன் பக்கம் வாங்க."

"ஒண்ணுமில்ல. உள்ள காத்து இல்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் மனசு வக்கீல் தேடியது. இந்தப் போலிகளை எதையோ பார்த்துத்தானே செய்திருப்பார்கள்? தன்னுடைய காசே மூலமாக இருக்கலாமே! தாய் நிஜமாக இருந்து, பிள்ளைகள் போலியாக இருக்கக் கூடாதா? வாதம் நன்றாகத்தான் இருந்தது. மாமனார் காசுக்காக இதில் பாதியளவு வாதத்தைக்கூட அவர் தேடியதில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

வீடு வந்ததும், செயற்கைப் பல்லை அராவும் சக்கரத்தை ஓடவிட்டு, சாட்சிக்காசின் விளிம்பை அதன்மேல் லேசாகக் காட்டினார். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். லென்ஸ் தேவைப்படவில்லை. வெள்ளைத் தோலுக்குக் கீழே மஞ்சளாகப் பித்தளை பல்லிளித்தது. கணீரென்ற ஒலி பித்தளையின் ஒலி. தேயாத தடிமன் என்று அவர் பெருமைப்பட்டது, வெள்ளியைவிட லேசான பித்தளையின் எடையைச் சரிக்கட்டப் போட்ட தடிமன்.

அவருக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இடுப்பில் துணி நழுவிவிட்டதைத் தெருவெல்லாம் நடந்து முடித்தபிறகு கண்டவனின் கூச்சம். அறையில் யாரும் இல்லை. மேசையில் மூன்று பிளாஸ்டர் வாய்கள் இருந்தன. அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

மனைவி பட்டையில் காசுகளைக் கோத்துக்கொண்டிருந்தார். இவர் போய் சாட்சிக்காசை அந்தக் குவியலின் பக்கத்தில் வைத்தார். அவர் பார்த்தார். தேய்த்த இடத்தைப் பார்த்தார். கோத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப அப்பாவோடது?" முதல் கேள்வியே அதுதான்.

"நிஜமா இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"பாத்தாதான் தெரியும்."

"அப்ப போய்ப் பாருங்க. 'இருக்கலாம்'னு இங்க உக்காந்துக்கிட்டு எனக்கு எதுக்குச் சொல்றீங்க?"

மச்சான் வீட்டு வாசலில் நாய் குரைத்தது. மச்சான் பனியனோடு வெளியே வந்து, "கேப்டன்! சும்மா இரு. மாப்ளே வந்திருக்காரு, சல்யூட் அடி" என்றார். நாய்க்கு அதுதான் பெயர். அப்பாவின் கதையிலிருந்து எடுத்தது. நாய் ஓடிவந்து பல்செட்காரர் முழங்காலில் கால் வைத்தது. அதன் கழுத்துப் பட்டையில் ஒரு பெரிய வெள்ளிக் காசு தொங்கியது.

"என்ன பாக்குறீங்க? நம்ம கேப்டனுக்கு டாலர். எப்படி?" என்று மச்சான் சிரித்தார். "டப்பாவுல கெடந்து என்ன செய்யப் போவுது? ஒரு ஓட்டையப் போட்டு மாட்டிட்டேன். கம்பீரமா இல்ல?"

பல்செட்காரர் வாசலில் மண்டியிட்டார். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு நாயின் கழுத்துக்கடியில் குனிந்தார். நாய் அவர் காதை நக்கியது.

"என்ன மாப்ளே, கேப்டனுக்குப் பல்லு கட்டப் போறீங்களா?"

அவர் காசை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பாய் ஒடுங்கியிருந்தது, புத்தகங்களில் இருப்பது போலவே. குழிகள் உப்புக்காற்று அரித்தவை. வார்ப்பில் விழுந்த குழியின் வாய் உருண்டிருக்கும், இவற்றின் வாய் கிழிந்திருந்தது. நாயின் பட்டையில் உரசி உரசிக் காசு நன்றாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடமெல்லாம் வெள்ளி, உள்ளேயும் வெள்ளி. ஒலி கம்மியதற்குக் காரணம் முத்திரைகள். அத்தனை பேர் குத்திய காசு கொஞ்சம் கம்மத்தான் செய்யும். ஒரு பூ இருந்தது. ஒரு நட்சத்திரம் இருந்தது. இலையைத் தேடினார்.

இலை இருந்த இடத்தில்தான் ஓட்டை.

"ஏன் மச்சான் இங்க போட்டீங்க?"

"டிரில் வழுக்கிச்சு மாப்ளே. அங்க ஒரு பள்ளம் இருந்துச்சு, முனை ஜம்முன்னு உக்காந்துச்சு. ஏன், கோணலா இருக்கா?"

பல்செட்காரர் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். "பட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ஒரு துளை தளத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. காசு நிஜம் என்பதும், இவர் அதைச் சொல்லவில்லை என்பதும் இரண்டுமே அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தன. அடுத்த சலூன் நாளன்று மனைவியே போய் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நாயும் கூடவே வந்தது. சலூனில் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். மச்சான் உட்காராமல் நின்றார். "எதுக்கு இழுத்துட்டு வந்தே? எனக்கு முடி வெட்டணும்னா சொன்னேன்?" என்று தங்கையிடம் முணுமுணுத்தார்.

பல்செட்காரர் நடு நாற்காலியில் உட்காரவில்லை. வெள்ளைத் துண்டை விரித்தார். வெல்வெட் துணியைப் பிரித்துச் சாட்சிக்காசை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி துண்டின் நடுவில் வைத்தார். பிறகு அதைக் குப்புறப் போட்டு, ஒற்றை விரலால் நகர்த்தினார்.

சலூன்காரர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"என்ன ஜட்ஜ் இது?"

"பித்தளை" என்றார் பல்செட்காரர். "மச்சான், உங்கப்பா காசு நிஜம். நான் போலியை வச்சுக்கிட்டு நிஜத்தைக் குப்புறப் போட்டேன்."

மச்சான் முகம் என்னவோ செய்தது. ஆனால் அவர்தான் முதலில் தேறினார். "விடுங்க மாப்ளே. தெரிஞ்சா செஞ்சீங்க? தெரியாமத்தானே" என்று தோளில் கை வைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தப்பு மன்னிக்கப்பட்டாகிவிட்டது. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சுற்றியிருந்த கண்ணாடிகளில் அவர் பல தலைகளோடு குனிந்து நின்றார்.

"தெரியாம மட்டும் இல்ல மச்சான்" என்றார். "முதலாளி காசுலயும் இதே மாதிரி கப்பல் பாய் ஒடுக்கமா இருந்துச்சு. அதுக்கு 'அச்சு வேற'ன்னு சொல்லிக் கையில கொடுத்தேன். உங்களுக்கும் அதைச் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு நீங்க பொய்ப் பல்லுன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது.

"அப்ப என் காசு?" என்று ஜவுளிக்கடை முதலாளி பதறினார்.

"உங்களுது நிஜம்தான் முதலாளி. இப்ப சந்தோஷமா வாயை மூடுங்க" என்றார் சலூன்காரர்.

மச்சான் பல்செட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கிண்டலுக்கா?" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "ஒரு கிண்டலுக்கா எங்கப்பனைப் பொய்யனாக்கின நீ?" உறவு ஏற்பட்ட நாளிலிருந்து அவர் மாப்பிள்ளையை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஊரெல்லாம் நானே சொல்லிச் சிரிச்சேனே. நாய்க்குப் பேரு வச்சேனே." குனிந்து நாயின் பட்டையைக் கழற்றப் பார்த்தார். கொக்கி விடவில்லை. தங்கை வந்து கழற்றிக் கொடுத்தார். காசைத் திருப்பி, ஓட்டையைப் பார்த்து, "இங்கதானே அப்பா விரலை வைப்பாரு?" என்று தங்கையிடம் கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மச்சான் காசைப் பல்செட்காரரின் கையில் வைத்து அழுத்தினார். "நீதான் இல்லாத பல்லையெல்லாம் இருக்குற மாதிரி செய்யுறவனாச்சே. இதை அடை. அந்த இலையையும் குத்து. அடைச்சது எவன் கண்ணுலயும் படக் கூடாது. அதுக்கப்புறம் நாம பேசலாம்." வெளியே போகப் புறப்பட்டவர் திரும்பி, துண்டில் குப்புறக் கிடந்த சாட்சிக்காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கேப்டனுக்கு ஒரு டாலர் வேணும்ல?"

அந்த வாரம் பல்செட்காரர் வேறு வேலை தொடவில்லை. ஓட்டையை அடைக்க அதே தரத்து வெள்ளி வேண்டும், அதே காலத்து வெள்ளி வேண்டும். தன் பெட்டியைத் திறந்து, முத்திரை நிறைந்த டாலர்களில் அவருக்கு மிகவும் பிடித்ததை எடுத்து மேசை இடுக்கியில் மாட்டினார். ரம்பத்தின் சத்தம் கேட்டு மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"அதையா வெட்டுறீங்க?"

"வேற வெள்ளி நிறம் சேராது."

வெட்டியதை உருட்டி, அராவி, உள்ளே பொருத்தி, எடுத்து, மறுபடி அராவினார். கடைசியில் அந்த வெள்ளித் துண்டு ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தபோது, நாள் முழுவதும் ஊசியில் நூல் கோக்கிற மனைவியின் கண்ணுக்கே சேர்ந்த இடம் தெரியவில்லை. விரலால் தடவினார், விரலுக்கும் தெரியவில்லை. "இலை எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இருக்கு. வரைஞ்சு தரட்டுமா?" என்றார். வரைந்தும் கொடுத்தார். நடு நரம்பு சற்று வளைந்த, காம்பு நீண்ட ஓர் இலை. பல்லில் இருக்கும் சொத்தைக் கறையைக்கூட நோயாளி கேட்டால் வரைந்து தருகிற கை பல்செட்காரருடையது. அந்த இலையைக் குத்த அதற்கு ஒரு மத்தியானம் போதும். அதற்கு முன்னால் துண்டு அசையாமல் இருக்க விளிம்பில் ஒரு பொட்டுப் பற்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சுடர்க்குழாயைப் பற்றவைத்தார். நீலச் சுடர் ஊசியாக நின்றது.

நின்றபடியே இருந்தது. மேசையில் கிடந்த இலைப் படம் வேறொருவன் போட்ட கையெழுத்து. பிறகு அவர் குழாயை அணைத்தார். காசைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி, பொருத்திய துண்டை வெளியே தள்ளினார். மெல்லிய அரத்தை எடுத்து ஓட்டையின் உள்விளிம்பை மட்டும், விரலைக் கிழிக்காத அளவுக்கு, மழுக்கினார்.

மறுநாள் மச்சான் வீட்டுக்கு நடந்தே போனார். காசு புகையிலை டப்பாவில் இருந்தது. வெட்டியெடுத்த வெள்ளித் துண்டு, பற்கள் அனுப்பும் சின்னப் பெட்டியில், பஞ்சின் மேல், தனியாக. இரண்டையும் மச்சான் முன்னால் வைத்தார். நாய் அவர் கால்மாட்டில் வந்து படுத்தது. அதன் கழுத்தில் பித்தளை தொங்கியது.

மச்சான் டப்பாவைத் திறந்தார். காசை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓட்டை வழியாக வாசல் தெரிந்தது.

"என்ன மாப்ளே, அடைக்கலையா?"

"இல்ல மச்சான்."

"வரலையா உங்களுக்கு?"

"வந்துச்சு."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று மச்சான் காத்திருந்தார். பல்செட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மனைவியும் கேட்டார், அன்றும் கேட்டார், பிறகும் கேட்டார். அவர் மேசையில் இருந்த அடுத்த வாயை எடுத்து, அதற்கு ஈறு கட்ட ஆரம்பித்தார்.